அப்பாவின் தாழ்ச்சி

மறைக்கல்வி வகுப்புக் கூட்டாளிகளே, நம் கோயிலின் பங்கு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். தலைப்பையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள்: எளிய புனிதர்களின் வாழ்வு நமக்குக் கற்றுத்தருவது என்ன. எழுதிப் பார்த்தேன், ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. நீங்கள் இதை மலரில் போடவும் மாட்டீர்கள். இருந்தாலும் அனுப்புகிறேன். நம்மில் பாதிப் பேருக்கு முழங்காலில் நின்று செபிக்க முடியாமல் நாற்காலி தேவைப்படுகிறது. இரண்டு பேருக்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று. இனிமேல் யாருக்குப் பயந்து எதை மூடி வைப்பது?

நான் கோயில்பிள்ளையின் மகள். அப்படிச் சொன்னால்தான் உங்களுக்கு நினைவு வரும். அன்றைக்கே என்னைப் பெயர் சொல்லி நீங்கள் யாரும் கூப்பிட்டதில்லை. கோயில்பிள்ளை என்றால் ஏதோ பட்டம் மாதிரி இருக்கும். வேலை என்னவோ விடிவதற்கு முன் மணி அடிப்பது, கதவு திறப்பது, தரை பெருக்குவது, பீடத்து விரிப்பு மாற்றுவது, சாம்பிராணிக்குக் கரி மூட்டுவது, யாராவது இறந்தால் துக்க மணி அடிப்பது. பெங்களூர் மர்பி டவுனில் உங்கள் வீடுகளெல்லாம் சந்துகளுக்குள் இருந்தன. எங்கள் வீடு கோயிலுக்குப் பின்னால், மணிக்கூண்டை ஒட்டிய ஒற்றை அறை. ஆறு மணிக்கு மணி அடித்தால் எங்கள் பாத்திரங்களும் சேர்ந்து அதிரும்.

அந்த அறையின் வாசனை மெழுகு வாசனைதான். எரிந்து மிஞ்சிய திரித் துண்டுகளை அப்பா ஒரு பழைய டின்னில் போட்டு உருக்குவார். நற்கருணை அப்பம் வெட்டியதுபோக மிஞ்சும் ஓரங்களை மடத்து சிஸ்டர்கள் காகிதத்தில் கட்டிக் கொடுப்பார்கள். மந்திரிக்காத வெறும் ஓரம், வாயில் வைத்தால் காகிதம் மாதிரி ஒட்டும். அது எங்கள் பலகாரம். நீங்கள் எல்லோரும் அதற்காக என்னைச் சிநேகம் பிடித்தது எனக்குத் தெரியும். நானும் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டேன்.

தங்கைக்கு அப்போது நான்கு வயது. இதயத்தில் ஓட்டை. பத்தடி ஓடினால் குந்தி உட்கார்ந்துவிடுவாள். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி ஆகிவிடும். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்திருந்தது. பங்குச் சாமியார் தனக்குத் தெரிந்த டாக்டருக்கு ஒரு கடிதம் கொடுத்தால் வரிசையில் முன்னால் போகலாம் என்றார்கள். திருவிழா முடிந்ததும் தருகிறேன் என்று சாமியார் சொல்லியிருந்தார். அம்மா அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டினாள்.

அப்பாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இரண்டு வருடம் கன்னடப் பள்ளியில் படித்தவர். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பார், தமிழில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. அதனால் மறைக்கல்வி வகுப்பில் தமிழ் படித்த நான்தான் அவருக்கு வாசகி. சிஸ்டர் கொடுக்கும் மெல்லிய புத்தகங்களை, ஒரு புத்தகத்துக்கு ஒரு புனிதர் வீதம், சாயங்கால மணி அடித்த பிறகு நான் வாசிப்பேன். அப்பா குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே கேட்பார். புளியும் பித்தளையும் கலந்த அந்த வாடை எங்காவது வந்தால் இன்றும் எனக்குப் புனிதர்கள் ஞாபகம்தான்.

எந்தப் புனிதரையும் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மடத்து வாசலில் நாற்பது வருடம் கதவு திறந்துவிட்டவர் அவருக்கு வாசல்காரர். கூட்டிப் பெருக்கியவர் துடைப்பக்காரர். பணக்கார வீட்டில் பாத்திரம் கழுவியவர் வேலைக்காரம்மா.

"இவங்கள்லாம் நம்ம டிபார்ட்மெண்ட்டு பெரிய பாப்பா" என்பார். "போப்பாண்டவரு, பிஷப்புங்க, பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க, அவங்க வேற டிபார்ட்மெண்ட்டு. அவங்களாண்ட நமக்கு இன்னா வேல?"

அவர்களில் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்தவர் தையல்காரர். இத்தாலி தேசத்து ஏழை. தையல் வேலை பார்த்து, பிறகு மடத்தில் எடுபிடிச் சகோதரராகச் சேர்ந்தவர். ஒரு பெண் அவர்மேல் அபாண்டமாக ஒரு பழி போட்டாள். மடத்துப் பெரியவர் கூப்பிட்டுக் கேட்டார். அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நற்கருணை வாங்கக் கூடாது என்று தண்டித்தார்கள். அதற்கும் பேசவில்லை. கடைசிப் பக்கத்தில், பழி போட்ட அந்தப் பெண்ணே நோயில் விழுந்து, நான் சொன்னது பொய் என்று கடிதம் எழுதுவாள். மடமே அழும்.

"ஏன்ப்பா அவரு பேசல?" என்று கேட்டேன்.

"அதாம்மா தாழ்ச்சி" என்றார் அப்பா.

தாழ்ச்சி என்ற சொல் நம் கோயில்களில்தான் புழங்கும். பணிவு என்று மற்றவர்கள் சொல்வதை நாம் தாழ்ச்சி என்போம். பக்கத்து லைனில் இருந்த இந்துப் பிள்ளைகளிடம் சொன்னால் யாரோ யாரையோ மட்டமாகப் பேசிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். அந்த வயதில் எனக்கு அது தாழ்ப்பாளின் சொந்தக்காரச் சொல்லாகப் பட்டது. வகுப்பில் சிஸ்டர், "தாழ்ச்சின்னா என்ன?" என்று கேட்டபோது நான் எழுந்து, "வாய்க்குத் தாழ்ப்பாள் போடுறது சிஸ்டர்" என்றேன். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. "அவ சொன்னதுதான் சரி" என்று எனக்கு ஒரு மாதா படம் பரிசு கொடுத்தார். நல்ல சிஸ்டர்தான். ஆனால் தப்பான பதிலுக்குப் பரிசு கொடுத்துவிட்டார். அந்தப் பரிசு எங்கள் வீட்டை என்ன செய்தது என்று அவருக்குத் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

அந்த வருடம் செப்டம்பர் மாதா திருவிழாவுக்கு, பிரேசர் டவுனிலிருந்து ஒரு அம்மா வந்து மாதாவுக்குத் தங்கச் சங்கிலி போட்டார். ரொம்ப வருடம் கழித்துப் பிள்ளை பிறந்ததற்கான நேர்ச்சை. நுனியில் சின்னச் சிலுவை தொங்கும். பூசையில் சாமியார் அதை மந்திரித்து மாதா கழுத்தில் போட்டபோது கோயிலே அண்ணாந்து பார்த்தது. தேர் சுற்றி வந்தபிறகு மாதா சுரூபத்தை மாடத்தில் ஏற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை நன்றிப் பூசை வரைக்கும் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசைமேல் வைத்திருந்தார்கள். பட்டுப்புடவை, மாலை, சங்கிலி எல்லாம் அப்படியே இருந்தன. மத்தியானத்தில் கோயிலைப் பூட்டிவிடுவார்கள். சாவி அப்பாவிடம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தங்கைக்கு மோசமாகிவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு அம்மா மடியில் சாய்ந்திருந்தாள். நகமெல்லாம் நீலம். அம்மா அழக்கூட இல்லை. சுவரைப் பார்த்து, "மாதாவே, மாதாவே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, "மாதாவே, தங்கச்சியை எடுத்துக்காதே, வேணும்னா என்னை எடுத்துக்கோ" என்று எழுதினேன். சாமியார் பூசை உடுப்பு மாற்றும் சக்ரீஸ்து அறையின் பின்கதவு எங்கள் வீட்டுப் பக்கம். அது உள்தாழ் போடாமல் கிடக்கும். அதன் வழியாகக் கோயிலுக்குள் போனேன்.

பெண்பிள்ளைகள் பீடத்துக் கிராதியைத் தாண்டக் கூடாது என்பது அன்றைய சட்டம். உங்களுக்குத் தெரியும், ஒரு தடவை பந்து உருண்டு உள்ளே போனபோது நாம் எல்லோரும் வெளியே நின்று ஒரு பையனைத் தேடினோம். நான் தாண்டினேன். முக்காலியைப் போட்டு ஏறினேன். சங்கிலி என் மூக்குக்கு நேரே இருந்தது. அதை நான் தொடக்கூட இல்லை. கடிதத்தைப் புடவை மடிப்புக்குள் செருகினேன். தங்கையின் தலையணைக்கு அடியில் வைக்க மாலையிலிருந்து ஒரே ஒரு பூவைக் கிள்ளிக் கைக்குள் மூடிக்கொண்டு இறங்கினேன்.

அப்பா சக்ரீஸ்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"இங்க இன்னா பண்றே?"

"செபம் பண்ணேன்ப்பா."

"கையில இன்னா?"

"ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். அவர் துரத்தவில்லை.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பீர்கள். எந்த மறைக்கல்விப் புத்தகத்திலும் இல்லாத ஒரு சட்டம் நம் வீடுகளில் இருந்ததே, மறந்துவிட்டீர்களா? மாதாவிடம் கேட்டதை மனிதரிடம் சொன்னால் பலிக்காது. உங்கள் அம்மாக்களும் அதைத்தான் சொன்னார்கள். பூவைக் காட்டினால் ஏன் கிள்ளினாய் என்று கேட்பார். அதைச் சொன்னால் கடிதத்தைச் சொல்ல வேண்டும். கடிதத்தைச் சொன்னால் தங்கை செத்துவிடுவாள். பன்னிரண்டு வயதில் கணக்கு அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் மாதா சபைப் பெண்கள் வந்து சுரூபத்துக்குப் புடவை மாற்றினார்கள். திருவிழாப் புடவையை அப்போதே ஏலம் விட்டு, யாரோ எடுத்துக்கொண்டும் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் சங்கிலி இல்லையென்று தெரிந்தது. தாங்கள் புடவை மாற்றும்போதே அது கழுத்தில் இல்லை என்றார்கள் அந்தப் பெண்கள். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. கவனித்திருக்க மாட்டார்கள். யாராவது எடுத்தார்களா, ஏலம் போன புடவை மடிப்போடு போயிற்றா, எதுவும் இன்றுவரை தெரியாது. என் கடிதமும் அந்தப் புடவையோடுதான் போயிருக்க வேண்டும்.

நன்றிப் பூசை முடிந்ததும் அப்பா என்னை மணிக்கூண்டுக்குள் அழைத்துப் போனார். மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பெரிய பாப்பா, எங்கையில சொல்றதுக்கு எதுனா கீதா?"

அவருக்குக் கடிதத்தைப் பற்றித் தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். "இல்லப்பா" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். "தங்கச்சிக்காவா?"

நான் ஆமென்று தலையை ஆட்டினேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அப்பா என் தலையில் கை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

"செரி. யாரு கேட்டாலும் ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு. நான் பாத்துக்கிறேன்."

வேண்டுதலைக் காப்பாற்ற அப்பாவும் எனக்குக் கூட்டு என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அன்று சாயங்காலம் பங்கு மண்டபத்தில் கூட்டம். உங்களில் சிலருடைய அப்பாக்கள் உள்ளே இருந்தார்கள். உங்களில் இரண்டு மூன்று பேர் என்னோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பார்த்தீர்கள். அப்பா நடுவில் நின்றார். உட்காரச் சொல்லி யாரும் நாற்காலி போடவில்லை.

சாமியார்தான் முதலில் கேட்டார். "கோயில்பிள்ளை, சாவி உங்கிட்டதான் இருந்துச்சு. வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ வேற யாராச்சும் உள்ள போனாங்களா?"

அப்பா பேசவில்லை.

"ஒன்னத்தாம்ப்பா கேக்குறாரு ஃபாதர்" என்றார் திருவிழாக் கமிட்டித் தலைவர். "சும்மனே நின்னா எப்டி? வாயத் தொறந்து பேசு. போலீசுக்குப் போனா நல்லா இருக்காது."

"நான் எடுக்கல சாமி" என்றார் அப்பா. "அதுக்கு மேல என்னக் கேக்காதீங்க."

"அப்ப எடுத்தது யாருன்னு தெரியும்?"

அப்பா மறுபடியும் பேசவில்லை. தலை குனிந்திருந்தது. தையல்காரப் புனிதர் அப்படித்தான் நின்றிருப்பார் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அழவில்லை நான். பெருமைப்பட்டேன். என் அப்பாவைத் திருடன் என்று நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது, ஜன்னலில் தொங்கிக்கொண்டு நான் பெருமைப்பட்டேன்.

போலீசுக்குப் போகவில்லை. பெரிய மனது பண்ணிவிட்டார்களாம். மாதம் முடிவதற்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் பற்றி அம்மா போய்க் கேட்டபோது, இந்த நிலைமையில் நான் எப்படிம்மா சிபாரிசு பண்றது என்று சாமியார் கையை விரித்துவிட்டார். அம்மா திரும்பி வந்து அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கியதை நான் முதலும் கடைசியுமாக அன்றுதான் பார்த்தேன்.

"யோவ், ஆமான்னோ இல்லன்னோ முழுசா சொல்லித் தொலையேன்யா! எடுத்திருந்தாலும் எடுத்தேன்னு சொல்லு, அவுங்க கால்ல நான் உழுறேன். என் புள்ள உசுருய்யா! புள்ள உசுர உட நீ பெரிய சன்னியாசியா?"

அப்பா சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை. அவள் கை ஓய்ந்து தானாக விழும்வரை நின்றார்.

நாங்கள் ஊருக்கு வெளியே ஆனேக்கல் பக்கம் போனோம். அம்மாவின் தூரத்துச் சொந்தம் ஒருவர் அங்கே ஒரு தொழிற்சாலையில் அப்பாவுக்குக் கேட் வாட்ச்மேன் வேலை பிடித்துக் கொடுத்தார். தெருவில் பாதிப் பேர் தெலுங்கு, மீதிப் பேர் கன்னடம். எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அப்பாவுக்கு அது நிம்மதியாக இருந்திருக்கும். அம்மாவுக்கு அது குழி. ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "திருட்டுப் பட்டம் குடுத்தவங்க வீட்டுக்கு நான் எதுக்கு?" என்பாள்.

ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு வருடத்துக்குமேல் காத்திருந்தோம். செக்கப்புக்குப் போகும் நாளெல்லாம் தங்கையைத் தூக்கிக்கொண்டு சிட்டி பஸ்ஸில் தொங்கவேண்டும். ஒருநாள் பஸ் பாதி வழியில் நெரிசலில் நின்றபோது அவளுக்கு மூச்சு அடைத்துவிட்டது. கண் மேலே செருகிவிட்டது. "மகு ஹோய்த்து, மகு ஹோய்த்து" என்று பக்கத்தில் ஒரு கிழவர் கத்தினார். பிள்ளை போய்விட்டது என்கிறார். அம்மா ரோட்டில் இறங்கித் தங்கையை முழங்காலோடு மடக்கி நெஞ்சில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் ஒவ்வொரு ஆட்டோவுக்கும் முன்னால் போய் நின்றேன். அந்தப் பத்து நிமிடத்தில் என் வாய் மட்டும் திறக்கவில்லை. மாதாவே, நான் யாருக்கும் சொல்லவில்லை, நான் யாருக்கும் சொல்லவில்லை என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

தங்கை பிழைத்தாள். ஆபரேஷனும் நல்லபடி முடிந்தது. இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். என் மௌனம்தான் அவளைக் காப்பாற்றியது என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாதாவுக்கு எவ்வளவு நேரமாகும்? அதனால் அதற்குப் பிறகும் சொல்லவில்லை. உறுதிபூசுதலுக்கு முன், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில், பீடத்தில் ஏறினேன் சாமி என்று மட்டும் சொன்னேன். மூன்று முறை அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். மனசு லேசாகிவிட்டது.

ஆனேக்கல் வீட்டிலும் சாயங்காலத்தில் நான் வாசிப்பது நிற்கவில்லை. ஆனால் அப்பா மற்ற புனிதர்களைக் கேட்பதை விட்டுவிட்டார். தையல்காரர் மட்டும்தான் வேண்டும். அதிலும் கடைசிப் பக்கம். அந்தப் பெண் படுக்கையில் கிடந்து உண்மையை எழுதி அனுப்பும் இடம் வந்ததும், "மறுபடி படி" என்பார். படிப்பேன். முடித்ததும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். "அவ்ளோதானா?" என்பார். "அவ்ளோதாம்ப்பா" என்று நான் புத்தகத்தை மூடிவைப்பேன். என்றாவது ஒருநாள் பங்கிலிருந்து கடிதம் வரும் என்று எதிர்பார்க்கிறார் என எண்ணிக்கொண்டு, தபால்காரரைக் கண்டால் நானும் வாசலுக்கு ஓடுவேன்.

அம்மா நாற்பத்தைந்து வயதில் போய்விட்டாள். அப்பாதான் எடுத்தார் என்று கடைசிவரை நம்பினாள். எடுத்ததற்காக அவரைத் திட்டியதில்லை. எடுத்தும் பிள்ளைக்கு உதவாமல் எங்கே தொலைத்தார் என்றுதான் கேட்பாள். அப்பா அதற்கும் பதில் சொல்லவில்லை. ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்து எழுந்தவர்கள். அந்த ஒரு வார்த்தை அவர்களுக்கு நடுவில் கடைசிவரை கிடந்தது.

நானோ வளர்ந்து, வேலைக்குப் போய், இந்தக் கதையை மேடையேற்றினேன். இளைஞர் தியானத்தில், செபக் கூட்டத்தில், மறைக்கல்விப் பிள்ளைகளிடம், எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும், எளிய புனிதர்கள் நமக்குக் கற்றுத்தருவது மௌனம் என்று பேசினேன். பழி வந்தால் பேசாதிருங்கள், என் அப்பா பேசாதிருந்தார் என்பேன். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எப்பேர்ப்பட்ட மடைச்சி நான்! அந்தத் தையல்காரருக்கு மேல் மடமும் மாதாவும் மொத்த வானமும் இருந்தன. என் அப்பாவுக்கு மேல் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான் இருந்தது. கூட்டத்தில் நாற்காலி போடாதவர்கள்தானே மௌனத்தைப் போதித்தார்கள், அதை யோசிக்க எனக்கு இத்தனை வயது ஆக வேண்டியிருந்தது. ஏழைகள் பேசாமல் இருந்தால் யாருக்குச் சௌகரியம் என்று நம் வகுப்பில் ஒருவராவது கையைத் தூக்கிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பரிசு கிடைத்திருக்காது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து அப்பா படுத்தார். நுரையீரல். இருபது வருடத்துக்குமேல் கேட்டில் புகையும் தூசியும் குடித்த உடம்பு. வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனேக்கல் கோயிலிலிருந்து சாமியார் வந்து, நெற்றியிலும் கையிலும் தைலம் பூசிவிட்டுப் போனார். பகல் பதினொரு மணி இருக்கும். தங்கை கஞ்சி எடுத்துவர உள்ளே போனாள். அப்பா என் கையைத் தடவித் தேடிப் பிடித்தார்.

"பெரிய பாப்பா. அத்த சாமியாண்ட சொல்ட்டியா?"

"எதப்பா?"

"பாவசங்கீர்த்தனத்துல. மாதா செயினு."

எனக்குப் புரியவில்லை. மாத்திரை மயக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன். "செயினப் பத்தி நான் ஏன்ப்பா சொல்லணும்?"

அப்பா சிரித்தார். மூச்சு இழுத்தது. "எங்கையில இன்னாத்துக்கு மறைக்கிறே? நான்தான் பாத்தேனே. முக்காலிலேர்ந்து எறங்கினே. கைய மூடிக்கினே. தங்கச்சிக்காவான்னு கேட்டேன், தலைய ஆட்டினே." கொஞ்ச நேரம் மூச்சை வாங்கினார். "நான் அன்னிக்கே மன்னிச்சிட்டேம்மா. கொழந்த நீ. மாதாவும் மன்னிச்சிருப்பா. நீயா வந்து சொல்லுவே, சொல்லுவேன்னு பாத்தேன். இப்ப நான் போறேன். சாமியாண்ட சொல்லிடு, இன்னா?"

அந்த மண்டபத்தில் தலை குனிந்து நின்றவர் புனிதர் இல்லை. திருட்டுப் பிள்ளையை மறைத்து நின்ற தகப்பன். வேலையும், வீடும், அம்மாவும், பெயரும் போனது என்னால். நான் செய்யாத ஒன்றுக்காக.

"அப்பா, நான் எடுக்கலப்பா."

அவர் என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"சத்தியமா எடுக்கல. தங்கச்சி பொழைக்கணும்னு ஒரு சீட்டு எழுதிப் பொடவைக்குள்ள வச்சேன். வெளிய சொன்னா பலிக்காதுன்னு சொல்லல. கையில இருந்தது பூப்பா. மாலையிலேர்ந்து ஒரே ஒரு பூ கிள்ளினேன்."

"பூவா?"

"பூதாம்ப்பா."

அப்பா என்னை நம்பினார். அவர் நம்பியது முகத்தில் தெரிந்தது. நம்பாமல் இருந்திருக்கலாம். கண்ணை மூடினார், திறந்தார். கூரையைப் பார்த்துக் கேட்டார்:

"அப்போ யாருக்காவம்மா நான் வாய மூடிக்கினு இருந்தேன்?"

தங்கை கஞ்சியோடு வந்துவிட்டாள். அப்பா இரண்டு ஸ்பூன் குடித்தார்.

அதன்பிறகு நான்கு நாள் இருந்தார். தண்ணீர் கேட்டார், தலையணையை உயர்த்தச் சொன்னார், தங்கையின் பிள்ளைகளை ஒருதரம் பார்க்க வேண்டும் என்றார். அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பதில் தேடித் தேடி, ஒன்றும் கிடைக்காமல், காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். எனக்காகத்தாம்ப்பா, பூ கிள்ளின எனக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. கல்லறையில் பெட்டியை மூடிக் கயிறு கட்டி இறக்கும்போதுதான் எனக்கு அது தோன்றியது.